லைப்ஸிக் நீதிமன்றத்தில் ஒரு சிவப்புச் சாயம்

1889 மார்ச் 20 அன்று, ஜெர்மனியின் லைப்ஸிக் நகரில் இருந்த பேரரசின் உச்ச நீதிமன்றம் ஒரு பருத்திச் சாயத்தைப் பற்றித் தீர்ப்பு சொன்னது. சாயத்தின் பெயர் காங்கோ சிவப்பு. அதைத் தயாரிக்கும் செய்முறைக்குக் கொடுத்த காப்புரிமை செல்லுமா செல்லாதா என்பதுதான் வழக்கு. தெரிந்த வினையைத் தெரிந்த பொருட்களைக் கொண்டு செய்திருக்கிறார்கள், இதில் கண்டுபிடிப்பு எங்கே இருக்கிறது, எந்த வேதியியலாளரும் செய்யக்கூடியதுதானே என்று எதிர்த்தரப்பு கேட்டது.

சென்னை கிண்டியில் உள்ள காப்புரிமை அலுவலகத்தில் வேதியியல் விண்ணப்பங்களைப் பரிசீலிக்கும் தேர்வாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். செய்முறை விண்ணப்பம் மேஜைக்கு வரும்போதெல்லாம் இந்தக் கேள்வியோடுதான் மல்லுக்கட்டினேன். அந்த 1889 தீர்ப்பின் வரலாற்றைப் படித்த பிறகு என் வேலையே எனக்கு வேறு மாதிரி தெரிய ஆரம்பித்தது. ஒரு செய்முறை யாருக்கும் தோன்றக்கூடியதா இல்லையா என்பதைக் காகிதத்தில் உள்ள வினையைப் பார்த்து மட்டும் சொல்லிவிட முடியாது. இதை உலகத்துக்கு முதலில் உணர்த்திய வழக்குகளில் ஒன்று இது என்று நினைக்கிறேன்.

சாயத்துக்கே காப்புரிமை கேட்காமல் செய்முறைக்கு ஏன் கேட்டார்கள்? 1877-ல் வந்த ஜெர்மன் காப்புரிமைச் சட்டம் வேதிப்பொருட்களுக்குக் காப்புரிமை கிடையாது என்று ஒதுக்கிவிட்டது. பொருளைச் செய்யும் குறிப்பிட்ட வழிக்கு மட்டும்தான் உரிமை. இதற்குப் பின்னால் பிரான்ஸில் பட்ட பாடு ஒன்று இருந்தது. 1859-ல் லியோன் நகரத்து ரெனார் சகோதரர்கள் ஃபுக்ஸின் என்ற சிவப்புச் சாயத்துக்கு உரிமை வாங்கினார்கள். எந்த வழியில் செய்தாலும் அந்தச் சாயம் அவர்களுக்கே சொந்தம் என்று ஆகிவிட்டது. இன்னும் நல்ல வழி, மலிவான வழி கண்டவர்களுக்குப் பிரான்ஸில் இடமில்லை. பலர் எல்லை தாண்டி ஸ்விட்சர்லாந்தின் பாஸெல் பக்கம் போய்த் தொழில் தொடங்கினார்கள். தங்கள் நாட்டில் அப்படி நடக்கக் கூடாது என்று ஹோஃப்மன் தலைமையில் ஜெர்மன் வேதியியலாளர்கள் வலியுறுத்தினார்கள். வழிக்கு மட்டுமே உரிமை கொடுத்தால் அடுத்தவன் வேறு வழி தேடுவான், தொழில் வளரும் என்பது அவர்கள் கணக்கு. பெரும்பாலும் அப்படியே நடந்தது.

ஆனால் அந்தக் கணக்கில் ஒரு சிக்கலும் சேர்ந்தே வந்தது. ஒருவர் கண்டுபிடித்த பொருள் பிரமாதமாக இருந்து, அதைச் செய்யும் வழி சாதாரணமாக இருந்தால் என்ன செய்வது?

காங்கோ சிவப்பின் செய்முறையைக் கொஞ்சம் அருகில் போய்ப் பார்க்க வேண்டும். கல்லூரியில் வேதியியல் படித்தவர்கள் இதன் தம்பியைத் தங்கள் கையாலேயே செய்திருப்பார்கள். அனிலினை ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் கரைத்து, பீக்கரைப் பனிக்கட்டித் தொட்டியில் வைத்து, 5 டிகிரிக்கு மேல் போகாமல் பார்த்துக்கொண்டு, சோடியம் நைட்ரைட் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். அவசரப்பட்டால் புகை கிளம்பும், எல்லாம் கெட்டுப்போகும். ஸ்டார்ச்-அயோடைடு தாளில் ஒரு துளி வைத்து, நீலம் தெரிந்தால் நிறுத்த வேண்டும். பிறகு அதை, காஸ்டிக் சோடாவில் கரைத்த பீட்டா நாப்தாலில் ஊற்றியதும் பளீரென்று ஆரஞ்சுச் சிவப்பு எழும்பும். முதல் முறை பார்க்கிற மாணவன் அதை மறக்க மாட்டான். டயஸோ வினை என்று நாம் படித்தது இதுதான். இதை 1858-ல் கண்டவர் பீட்டர் கிரீஸ். பிற்காலத்தில் இங்கிலாந்தில் ஒரு பீர் ஆலையில் வேதியியலாளராக வேலை பார்த்துக்கொண்டே, ஓய்வு நேரத்தில் இந்த ஆராய்ச்சியைத் தொடர்ந்தவர்.

காங்கோ சிவப்பில் அனிலினுக்குப் பதில் பென்ஸிடின். அனிலினுக்கு ஒரு முனையில்தான் அமினோ தொகுதி உண்டு, பென்ஸிடினுக்கு இரண்டு முனையிலும் உண்டு. இரண்டு முனையையும் டயஸோ ஆக்கி, ஒவ்வொன்றிலும் ஒரு நாப்தியோனிக் அமில மூலக்கூறைக் கோக்க வேண்டும். (எங்கள் ஆய்வகத்தில் யாரும் இதைச் செய்யவில்லை. பென்ஸிடின் சிறுநீர்ப்பையில் புற்றுநோய் உண்டாக்கும் பொருள். ஒரு காலத்தில் சாயத் தொழிலாளிகள் அதன் நடுவில்தான் மூச்சு விட்டு வாழ்ந்தார்கள்.) பென்ஸிடினை ரஷ்யாவின் ஸீனின் 1845-லேயே தயாரித்துவிட்டார். நாப்தியோனிக் அமிலம் இத்தாலியர் பிரியாவின் கையில் சில ஆண்டுகளில் வந்துவிட்டது. வினை கிரீஸுடையது. ஆக மூன்றும் பழசு.

அப்படியானால் புதுசு எது? பருத்தி. கம்பளியும் பட்டும் புரதம். அன்றைய சாயங்களை அவை எளிதில் பிடித்துக்கொள்ளும். பருத்தி அப்படிப் பிடிக்காது. நம் ஊர்ச் சாயக்காரர்கள் கடுக்காய்க் கஷாயத்திலும் படிகாரத்திலும் நூலை ஊறவைத்து, பதப்படுத்தி, அதற்குப் பிறகே சாயத்தில் தோய்த்ததும் இதனால்தான். ஐரோப்பியச் சாயப்பட்டறைகளிலும் டானின், ஆன்டிமனி உப்பு என்று அதே மாதிரி முன்வேலைகள் இருந்தன. காங்கோ சிவப்புக்கு அது எதுவும் வேண்டியதில்லை. கொதிக்கும் தண்ணீரில் சாயத்தைக் கரைத்து, உப்புப் போட்டு, பருத்தியை முக்கினால் நேராக ஏறிவிடும். நீளமாகவும் தட்டையாகவும் உள்ள மூலக்கூறு செல்லுலோஸ் இழையோடு ஒட்டிப் படுத்துக்கொள்கிறது என்ற விளக்கமெல்லாம் பிற்காலத்தில் வந்தது.

பேயர் கம்பெனியில் வேலை பார்த்துவிட்டு வெளியே வந்த பால் பாட்டிகர் என்ற இளைஞர் 1884-ல் தன் பெயரிலேயே இதற்குக் காப்புரிமை வாங்கினார். விற்பதற்குக் கொண்டுபோனபோது பேயர் வேண்டாம் என்றது. அமிலம் பட்டால் சிவப்பு நீலமாக மாறிவிடுகிறதே, இந்தச் சாயத்தை யார் வாங்குவார்கள் என்ற எண்ணம். (அந்தக் குணத்துக்காகவே பிறகு அது ஆய்வகங்களில் காட்டியாகப் பயன்பட்டது.) பெர்லினின் அக்ஃபா கம்பெனி வாங்கிக்கொண்டது. ஆப்பிரிக்காவைப் பங்கு போட ஐரோப்பிய அரசுகள் பெர்லினில் கூடிய சமயம் அது. ஊரெல்லாம் காங்கோ என்றே பேச்சு. அந்தப் பெயரையே சாயத்துக்கு வைத்தார்கள். வெயிலில் வெளுக்கும், அமிலத்தில் நீலமாகும், ஆனாலும் விற்பனை அமோகம். முன்வேலை இல்லாமல் பருத்தியில் ஏறுகிற சாயத்தின் அருமை சாயப்பட்டறைக்காரனுக்குத்தான் தெரியும்.

வேண்டாம் என்று சொன்ன பேயர் இப்போது கையைப் பிசைந்தது. அங்கே புதிதாகச் சேர்ந்திருந்த கார்ல் டூயிஸ்பர்க் என்ற வேதியியலாளர், அக்ஃபாவின் காப்புரிமைக்குள் அகப்படாத பக்கத்து வழியைத் தேடினார். பென்ஸிடினுக்கு நெருங்கிய உறவான டோலிடினை எடுத்தார். வினை செய்து பார்த்தபோது உருப்படியாக ஒன்றும் தெரியவில்லை. கலவையை ஓரமாக வைத்துவிட்டார். பிறகு ஒரு நாள் பார்த்தால் கலத்தில் அழகான சிவப்பு. பென்ஸோபர்பூரின் என்ற சாயம் வந்த கதை இது. இந்த வகைச் சாயங்களில் முதல் முனை சட்டென்று கோத்துக்கொள்ளும், இரண்டாவது முனை மிக மெதுவாகத்தான் கோக்கும். பொறுமையில்லாதவன் அழுக்கு நிறத்தைப் பார்த்துவிட்டுக் கொட்டிவிடுவான். காகிதத்தில் ஒரு அம்புக்குறி போட்டு எழுதுகிற வினைக்கும் கலத்தில் நடப்பதற்கும் உள்ள தூரத்தை நான் எப்போதும் இந்த உதாரணத்தை வைத்துத்தான் புதிய தேர்வாளர்களுக்குச் சொல்வேன்.

அக்ஃபாவும் பேயரும் சண்டைக்குப் போய், காப்புரிமையே விழுந்துவிடுமோ என்ற பயத்தில் சமாதானம் ஆகி, சாயங்களைச் சேர்ந்து அனுபவிப்பதாக ஒப்பந்தம் போட்டார்கள். அந்தக் கூட்டணியை எதிர்த்து நின்றது எவர் அண்ட் பிக் என்ற கம்பெனி. அவர்களுடைய வாதம் எனக்கு இன்றைக்கும் வலுவாகவே படுகிறது. கிரீஸ் சொன்ன வினை பொதுவான வினை. எந்த அரோமாட்டிக் அமீனை எடுத்தாலும் நடக்கும், எதோடும் கோக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். ஒரு அமீனுக்குப் பதில் இன்னொரு அமீனைப் போட்டதெல்லாம் கண்டுபிடிப்பா? பட்டியலில் இருக்கிற ஒவ்வொரு ஜோடிக்கும் ஒவ்வொருவர் உரிமை வாங்கிக்கொண்டால் மற்றவர்கள் எங்கே போவது?

பாஸ்ஃப் கம்பெனியின் பெயர் பெற்ற வேதியியலாளர் ஹைன்ரிஷ் காரோ நிபுணராக வந்து பேசினார். மெத்திலின் நீலம் செய்தவர், அஸோ சாயத் தொழில் வேர்விட்ட காலத்திலிருந்தே அதில் இருந்தவர். அவர் வழியை விட்டுவிட்டு விளைவைப் பார்க்கச் சொன்னார். நீதிமன்றம் அதை ஏற்றது. வினை தெரிந்ததுதான், அதை இந்தப் பொருட்களுக்குப் பொருத்தியதில் தனியான கண்டுபிடிப்பு இல்லை என்று ஒப்புக்கொண்டது. ஆனாலும் அந்த வழியில் போனால் பருத்தியில் நேராக ஏறும் சாயம் கிடைக்கும் என்று யாரும் முன்கூட்டிச் சொல்லியிருக்க முடியாது. எதிர்பாராத அந்தத் தொழில் பயன்தான் செய்முறையைக் காப்பாற்றுகிறது என்று முடித்தது. ஒத்த செய்முறை என்ற கோட்பாடு இங்கிருந்துதான் வளர்ந்தது.

தீர்ப்பு சரியா? பாதி சரி என்பேன். வினையோடு நின்றுவிடாமல் அன்றைய வேதியியலாளனின் இடத்தில் போய் நின்று, அவனுக்கு என்ன தெரியும், எதை எதிர்பார்த்திருப்பான் என்று கேட்டார்களே, அது சரி. கிரீஸின் வினை 1858-லேயே இருந்தும் 1884 வரை யாருக்கும் இது கிடைக்கவில்லை என்று சிலர் சொல்வார்கள். அந்த வாதம் கொஞ்சம் மிகை. அஸோ சாயங்கள் ஆலைச் சரக்காக மாறியதே 1870-களின் நடுவில்தான். உண்மையான இடைவெளி பத்து வருஷத்துக்கும் குறைவு. இருந்தாலும் இந்த அமீனில் செய்த சாயம் பருத்தியைப் பிடிக்கும் என்று முன்பே எழுதிய ஒரு ஏட்டை எதிர்த்தரப்பு காட்டியிருந்தால் வழக்கு வேறு மாதிரி போயிருக்கும்.

மீதிப் பாதியில்தான் எனக்கு வருத்தம். பொருளின் மதிப்பைக் கொண்டே வழியின் மதிப்பை அளந்துவிட்டார்கள். பொருளுக்கு உரிமை கிடையாது என்ற சட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு, பொருளின் பெருமையால் வழிக்கு உரிமை கொடுத்தார்கள். 1888-ல் மெத்திலின் நீல வழக்கில், செய்முறைக்கான உரிமை அதில் விளைந்த பொருளையும் தொடரும் என்று அதே நீதிமன்றம் சொல்லியிருந்தது. 1891-ல் சட்டத்திலேயே அது ஏறியது. இரண்டும் சேர்ந்ததும் பெரிய கம்பெனிகளுக்குப் பாதை திறந்துவிட்டது. ஆய்வகம் கட்டி, வேதியியலாளர்களை வரிசையாக உட்காரவைத்து, அமீன்களையும் கோக்கும் பொருட்களையும் ஜோடி ஜோடியாக முயன்று பார்த்து, தேறியதற்கெல்லாம் காப்புரிமை வாங்கினார்கள். உழைப்பு உண்மையானது. சின்னக் கம்பெனிக்கு அந்த உழைப்புக்கு ஈடுகொடுக்கும் ஆள்பலம் இல்லை என்பதும் உண்மை.

இங்கிலாந்தில் 1928-ல் இதே கேள்விக்கு நேர் எதிரான பதில் வந்தது. ஹெக்சைல் ரெசார்சினால் என்ற கிருமிநாசினியைச் செய்யும் முறைக்கு ஷார்ப் அண்ட் டோம் கம்பெனி காப்புரிமை வைத்திருந்தது. பூட்ஸ் கம்பெனியோடு வழக்கு. கிளெமென்சன் ஒடுக்க வினை எல்லோருக்கும் தெரிந்தது. சங்கிலி குறைந்த ரெசார்சினால்களை அதே வழியில் செய்து, அவற்றின் கிருமி கொல்லும் திறனைச் சோதித்த ஆராய்ச்சியும் அச்சில் வந்திருந்தது. சங்கிலியை நீட்டிப் பார் என்று ஏடே கை காட்டியது. காப்புரிமை விழுந்தது. அந்த வழக்கில்தான் ஸ்டாஃபோர்ட் கிரிப்ஸ், அன்றைய ஏடுகளும் துறை அறிவும் கையில் உள்ள தேர்ந்த வேதியியலாளருக்கு இது நடைமுறையில் தோன்றியிருக்குமா என்று கேள்வியை அமைத்தார். 1942-ல் இந்தியாவுக்குத் தூது வந்த அதே கிரிப்ஸ்தான். அடிப்படையில் வேதியியல் படித்தவர். கிரிப்ஸ் கேள்வி என்று வழக்கறிஞர்கள் இன்றும் சொல்கிறார்கள்.

நம் நாட்டுக்கு வருவோம். பம்பாய் உயர் நீதிமன்றத்தில் 1968-ல் முடிந்த ஹோக்ஸ்ட் – யூனிகெம் வழக்கு, சர்க்கரை நோய்க்கான டால்புட்டமைட் மருந்தின் செய்முறை பற்றியது. சாயக் கம்பெனியாக ஆரம்பித்த ஹோக்ஸ்ட்தான் அதில் வென்றது. அதற்கு முன்பே, சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து வந்த நீதிபதி ராஜகோபால ஐயங்கார் 1959-ல் கொடுத்த அறிக்கையில், மருந்து, உணவு, வேதிப்பொருள் ஆகியவற்றுக்குச் செய்முறை உரிமை மட்டும் போதும் என்று பரிந்துரைத்திருந்தார். ஜெர்மானியர்களின் அனுபவமும் அவர் கண் முன்னால் இருந்தது. 1970-ல் வந்த சட்டம் அவர் சொன்ன வழியில் போனது. நம் மருந்துத் தொழில் எழுந்து நின்றதற்கு அது ஒரு பெரிய காரணம். இதை நான் பெருமையோடு சொல்கிறேன்.

அந்தச் சட்டத்தின் 3(டி) பிரிவில் பலர் கண்ணில் படாத ஒரு வால் உண்டு. தெரிந்த செய்முறையை வெறுமனே பயன்படுத்துவது கண்டுபிடிப்பு ஆகாது, ஆனால் அதில் புதிய பொருள் கிடைத்தாலோ, குறைந்தது ஒரு புதிய வினைபடுபொருள் இருந்தாலோ இந்தத் தடை பொருந்தாது என்று அது சொல்கிறது. 1889 வழக்கின் சாயல் அதில் எனக்குத் தெளிவாகத் தெரிகிறது. புதிய பொருள் கிடைத்துவிட்டது, அதனால் உரிமை கொடு என்று இந்த வாலைப் பிடித்துக்கொண்டு வாதாடுவார்கள். அது தவறு. 3(டி) ஒரு வாசல் மட்டும்தான். அதைத் தாண்டிய பிறகும், துறை அறிந்தவருக்கு இது தோன்றியிருக்குமா என்ற கேள்வி அப்படியே நிற்கும். 2002 திருத்தத்தில் அந்தக் கேள்வி கண்டுபிடிப்பு என்பதன் வரையறைக்குள்ளேயே வந்துவிட்டது.

அமெரிக்காவில் இந்தக் குழப்பம் இன்னொரு வடிவத்தில் வந்தது. 1985-ல் டர்டன் வழக்கு. தொடக்கப் பொருள் புதியது, அதற்குக் காப்புரிமை உண்டு. விளைபொருளும் புதியது, அதற்கும் உண்டு. நடுவில் இருந்த வினைக்கு மட்டும் கிடையாது என்று தீர்ப்பு வந்தது. எழுதியவர் நீதிபதி ஜைல்ஸ் ரிச். தோன்றக்கூடியதா என்ற சோதனையைச் சட்டமாக்கிய 1952 சட்டத்தை வரைந்தவர்களில் ஒருவர் அவர். ஒவ்வொரு வழக்கையும் அதனதன் விவரத்தை வைத்துப் பார்க்க வேண்டும் என்றுதான் அவர் சொன்னார். ஆனால் அங்கே தேர்வாளர்கள் அதை ஒரு சூத்திரமாகப் பிடித்துக்கொண்டார்கள். வினை தெரிந்ததா, டர்டன் என்று எழுதி மறுத்துவிடு என்று ஆனது. உயிரித் தொழில்நுட்பக் கம்பெனிகள் தவித்துப்போய், 1995 நவம்பரில் அவர்களுக்கென்று தனிச் சட்டமே போட வேண்டிவந்தது. அடுத்த மாதமே ஒச்சியாய் வழக்கு. ஜப்பானின் டகேடா கம்பெனியின் செஃபெம் வகை ஆன்டிபயாட்டிக். ஒரு அமிலத்தை ஒரு அமீனோடு சேர்க்கும் சாதாரண அசைலேற்றம்தான் வினை. ஆனால் அந்த அமிலம் அதற்கு முன் யாருக்கும் தெரியாது. தெரியாத அமிலத்தைப் பயன்படுத்த வேண்டும் என்று ஒருவருக்கு எப்படித் தோன்றும் என்று நீதிமன்றம் கேட்டது. சூத்திரம் வைத்து முடிவு செய்யக் கூடாது, கிளெய்மை, அதாவது எதற்கு உரிமை கேட்கிறார்கள் என்று சொல்லும் பகுதியை, முழுசாக எடுத்துப் பார்க்க வேண்டும் என்றது.

காங்கோ சிவப்பையும் ஒச்சியாயையும் ஒரே ரகம் என்று பலர் சேர்த்துக் கட்டிவிடுகிறார்கள். எனக்கு அதில் சம்மதமில்லை. ஒச்சியாயில் வேதியியலாளன் கையில் தொடக்கப் பொருளே இல்லை. அதனால் அந்த வழியில் அவன் கால் வைக்கவே முடியாது. காங்கோ சிவப்பில் எல்லாம் கையில் இருந்தன, வழியும் திறந்திருந்தது, போனால் என்ன கிடைக்கும் என்பதுதான் தெரியாது. முதலாவதில் அந்த அமிலம் உண்மையிலேயே யாருக்கும் தெரியாததா என்று ஏடுகளைத் தேடினால் பாதி வேலை முடிந்தது. இரண்டாவதில் அது போதாது. எதிர்பாராத விளைவு என்று விண்ணப்பதாரர் சொல்வதை நிரூபிக்க வேண்டும். எதை எதிர்பார்த்தார்கள் என்பதும் தெரிய வேண்டும், கிடைத்தது எவ்வளவு என்பதும் தெரிய வேண்டும்.

ஆகவே, தெரிந்த அமிலம், தெரிந்த அமீன், தெரிந்த இணைப்பு வினை என்று ஒரு விண்ணப்பம் வந்து, விளைச்சல் எதிர்பாராத அளவு கூடியது என்று அதில் எழுதியிருந்தால், நான் முதலில் கிளெய்மைப் படிக்க மாட்டேன். எடுத்துக்காட்டுகள் பகுதிக்குப் போவேன். பக்கத்து அமீனை அதே கரைப்பானில், அதே வெப்பநிலையில் செய்து காட்டியிருக்கிறார்களா? இரண்டுக்கும் விளைச்சல் என்ன? அப்படி ஒப்பிட்டுக் காட்டவில்லை என்றால் பரிசோதனை அறிக்கையில் அதைத்தான் முதல் ஆட்சேபமாகக் கேட்பேன். சில பேர் மூன்று மாதத்தில் செய்து பார்த்து எண்களோடு வருவார்கள். அந்த எண்களை எடுத்துவைத்துக்கொண்டு உட்கார்ந்த பிறகுதான் கிளெய்மை வரிவரியாகப் படிக்க ஆரம்பிப்பேன்.